மூன்று ரூபாயும் ஒரு கடிதமும்!

துப்பறியும் கதை பிடிக்காத குட்டீஸ் உண்டா? அதிலும் காணாமல் போன சிறுவன் கதை என்றால், சாப்பாடு கூட மறந்துவிடும். ஒரு நாள் பையன் மாயமாகி விடுவான். அம்மா அழுவார், ஊரே தேடும். பல மாதம் கழித்து அவன் திரும்பி வருவான். ஆனால், பெற்ற அம்மாவைக் கூட அடையாளம் தெரியாது. பழைய நினைவெல்லாம் அழிந்திருக்கும். எங்கே போனான், என்ன ஆனது என்ற மர்மத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் உடைப்பார்கள்.

அது கற்பனை. நிஜமாகவே காணாமல் போன ஒரு சிறுவனின் கதையை இந்த வாரம் பார்ப்போமா? இதிலும் கடிதம் உண்டு, தடயம் உண்டு, தப்பான தகவலை நம்பி அலைந்த தேடலும் உண்டு. முடிவு மட்டும் வேறு மாதிரி!

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று விரியும் பூமி, மழையை நம்பி வாழும் வறண்ட கரிசல் காடு. கண்மாய் நிறைந்தால்தான் அங்கே வயல் பச்சையாகும். இந்தத் திருச்சுழியில், 1879ம் ஆண்டு டிசம்பர் 30ம் தேதி பிறந்தான் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், ஊரில் மதிப்பான வக்கீல். அம்மா அழகம்மாள். அண்ணன் நாகசுவாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு.

அந்தக் குடும்பத்தில் ஏற்கனவே ஒருவர் காணாமல் போயிருந்தார். சுந்தரம் ஐயரின் அண்ணன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. தலைமுறைக்கு ஒருவர் இப்படித் துறவியாகப் போய்விடுவார் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

முதல் மறைவு

வேங்கடராமன் செம குறும்பு! ஒருமுறை அப்பாவின் வழக்குக் காகிதங்களை எடுத்துக் கப்பல் செய்து விளையாடிவிட்டான். அப்பாவுக்குக் கோபம் வந்தது, திட்டிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் பையனைக் காணோம். வீட்டில் எல்லாரும் பதறித் தேடினர். கடைசியில் திருச்சுழி பூமிநாதர் கோவிலில், சகாயவல்லி அம்மன் சந்நிதியில், அம்மனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பூசாரி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

தூங்கினால் கும்பகர்ணன்தான்! விழித்திருக்கும்போது அவனை அடிக்க பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக் கொண்டு போய், ஆசை தீர அடித்துவிட்டு மறுபடி படுக்கையில் கொண்டு வந்து போட்டு விடுவார்களாம். காலையில் எழுந்தால், ராத்திரி நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

ஆனால், ஞாபக சக்தி அபாரம். பாடத்தை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே ஒப்பிப்பான். அதனாலேயே வீட்டில் புத்தகத்தைத் தொட மாட்டான். இந்த ஞாபக சக்தியை நீங்களும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

1892ம் ஆண்டு அப்பா இறந்து போனார். வேங்கடராமனுக்கு அப்போது 12 வயது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா சின்னக் குழந்தைகளுடன் மானாமதுரையில் இருந்த நெல்லையப்ப ஐயர் வீட்டுக்குப் போனார். நாகசுவாமியும் வேங்கடராமனும் மதுரையில் இன்னொரு சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தனர்.

கணக்குப் போட்ட பயணம்

1896ம் ஆண்டு ஜூலை மாதம். வேங்கடராமனுக்கு வயது 16. மதுரை வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் அவனைப் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல் படுத்துக் கொண்டு, செத்துப் போவது எது, மிஞ்சுவது எது என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தான். உடம்பு போனாலும் தான் போவதில்லை என்று அவனுக்குத் தெளிவாகப் பட்டது. பயம் ஓடிவிட்டது. அன்று முதல் அவன் வேறு பையன். விளையாட்டு, படிப்பு, நண்பர்கள் எதிலும் மனம் ஒட்டவில்லை. மீனாட்சி கோவிலில் போய் நின்றால், நேரம் போவதே தெரியாது.

ஆகஸ்ட் 29ம் தேதி. வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணத்தை மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். இரண்டு தடவை எழுதி முடித்தான். மூன்றாவது தடவை எழுத மனம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். அதைப் பார்த்த அண்ணன், இப்படி இருப்பவனுக்குப் படிப்பெல்லாம் எதற்கு என்று கடிந்து கொண்டார். சுருக்கென்று தைத்தது. திருவண்ணாமலை என்று முன்பே ஓர் உறவினர் சொல்லிக் கேட்டிருந்தான். அங்கே போவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தான்.

பள்ளிக்கூடத்தில் மின்சாரம் பற்றிச் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தான். அப்படியானால் என் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிட்டுப் போ என்றார் அண்ணன். சித்தி ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். பழைய வரைபடத்தைப் புரட்டிப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று கண்டான். மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அந்தக் கடிதம்தான் முதல் தடயம். தந்தையைத் தேடிப் போவதாகவும், நல்ல காரியத்துக்காகவே போவதாகவும், யாரும் வருந்தவோ காசு செலவழித்துத் தேடவோ வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். அண்ணனின் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் மறக்காமல் எழுதினான். எந்த ஊருக்குப் போகிறான் என்று மட்டும் எழுதவில்லை. இன்னொரு விசித்திரம்... கடிதத்தின் தொடக்கத்தில் தன்னை நான் என்று எழுதியவன், அடுத்த வரியிலேயே இது என்று எழுதினான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு!

திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் 13 அணா. (அந்தக் காலத்தில் 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.) கையில் மிச்சம் மூன்று அணா. வழியில் அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கித் தின்றான். ரயிலில் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று சொன்னார். விழுப்புரத்தில் இறங்கினான். மிச்சமிருந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அதற்கு மேல் நடை. பத்து மைல் நடந்து அறையணிநல்லூர் கோவிலை அடைந்தான்.

மறுநாள் கீழூரில், காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். அடகுச் சீட்டைக் கொஞ்ச தூரம் போனதுமே கிழித்துப் போட்டான். திரும்பி வந்து மீட்கும் எண்ணமே இல்லை! செப்டம்பர் 1ம் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கினான். கோவிலுக்குள் நேராகப் போனான். பிறகு மொட்டை போட்டுக் கொண்டு, மிச்சக் காசையும் வீசி எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக் கொண்டான். பேச்சையும் நிறுத்திக் கொண்டான்.

அம்மாவின் தேடல்

மானாமதுரையில் அம்மா துடித்துப் போனார். மகன் எங்கே என்று தெரியாத அம்மாவுக்கு எப்படிச் சோறு இறங்கும்? தேடிப் பாருங்கள் என்று மைத்துனர்களிடம் கெஞ்சினார். திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் பையன் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். நெல்லையப்ப ஐயர் அங்கே போய் அலைந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினார். அம்மா விடவில்லை, தானும் வருவேன் என்று இரண்டாம் முறை அவருடன் போனார். அங்கே அதே வயதில், அதே உயரத்தில் ஒரு பையன் கண்ணில் பட்டான். ஆனால், அவன் முதுகைக் காட்டித் திரும்பிப் போய்விட்டான். அது தன் மகன்தான், தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறான் என்று நினைத்து, மனம் உடைந்து திரும்பினார் அந்தத் தாய்.

அந்த நேரம் நிஜமான வேங்கடராமன் எங்கே இருந்தான்? திருவண்ணாமலை கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே, இருட்டான பாதாள லிங்க அறையில்! எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. தெருப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அவன் கண் திறக்கவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி அவனைப் பாதுகாத்தார். ஊர்க்காரர்களுக்கு அவன் பெயர் தெரியாது. பிராமண சுவாமி என்று கூப்பிட்டார்கள்.

உடைந்தது மர்மம்!

திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் கணக்கர் ஒருவர் இருந்தார். சுவாமியின் பெயரும் ஊரும் தெரியாமல் நகர மாட்டேன், வேலைக்கும் போக மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை போய்விடக் கூடாதே என்று, ஆங்கிலத்தில் வேங்கடராமன், திருச்சுழி என்று எழுதிக் காட்டினார் சுவாமி. அது ஊர்ப் பெயரா என்று கணக்கருக்குக் குழப்பம். பக்கத்தில் இருந்த பெரியபுராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலங்களில் ஒன்றாகத் திருச்சுழி வரும் இடத்தைப் புரட்டிக் காட்டினார். இரண்டாவது தடயம் கிடைத்துவிட்டது!

1898ம் ஆண்டு மதுரையில் சுப்பையர் காலமானார். துக்கத்துக்குக் கூடியிருந்தவர்களிடம் ஓர் இளைஞன் ஓடி வந்து செய்தி சொன்னான். திருச்சுழி வேங்கடராமன் என்ற இளம் சுவாமி திருவண்ணாமலையில் இருப்பதாக, மதுரையில் ஒரு மடத்தில் தம்பிரான் ஒருவர் பேசிக் கொண்டிருந்ததை அவன் கேட்டிருந்தான்!

நெல்லையப்ப ஐயர் உடனே கிளம்பினார். சுவாமி அப்போது ஒரு மாந்தோப்பில் இருந்தார். தோப்புக்காரர் யாரையும் உள்ளே விடவில்லை. நெல்லையப்ப ஐயர் ஒரு காகிதத்தில் விவரம் எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பத்திரப்பதிவு அலுவலகச் சமாசாரம் ஏதோ எழுதியிருந்தது; எழுத்து, அண்ணன் நாகசுவாமியின் எழுத்து. அதைப் பார்த்தே, அண்ணனுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று புரிந்து கொண்டார் சுவாமி. துப்பறிந்தது யார் பார்த்தீர்களா? காணாமல் போனவரேதான்!

ஆம் குட்டீஸ்... அவருக்கு எதுவுமே மறக்கவில்லை. சித்தப்பாவைத் தெரிந்தது. ஆனால், பேசவில்லை, கூட வரவும் இல்லை.

அந்த டிசம்பரில் அம்மாவே மூத்த மகனுடன் வந்தார். பவழக்குன்று என்ற சிறு குன்றின் பாறையில் அவர் படுத்திருந்தார். சடை விழுந்த தலை, வளர்ந்த நகம், அழுக்கேறிய உடம்பு. அம்மாவுக்கு ஒரு பார்வை போதும், கண்டு கொண்டார். தினமும் பலகாரம் கொண்டு வந்து, வீட்டுக்கு வரும்படி அழுதார். பதில் இல்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் காகிதமும் பென்சிலும் நீட்டினார். நடப்பது நடந்தே தீரும், யார் தடுத்தாலும் நிற்காது, ஆகவே மௌனமே நல்லது என்ற கருத்தில் எழுதிக் கொடுத்தார் மகன். கண்ணீருடன் ஊர் திரும்பினார் அம்மா.

அம்மா வந்தார்!

1907ம் ஆண்டு கணபதி முனி என்ற பெரும் பண்டிதர், இவர் பகவான் ரமண மகரிஷி என்று அறிவித்தார். அந்தப் பெயரே உலகெங்கும் பரவியது. நான் யார் என்று ஒவ்வொருவரும் தனக்குள் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே ரமணர் காட்டிய வழி.

1900ம் ஆண்டிலேயே மூத்த மகன் நாகசுவாமியையும் பறிகொடுத்திருந்தார் அழகம்மாள். மகன் வீட்டுக்கு வராவிட்டால் என்ன, நான் மகனிடம் போகிறேன் என்று முடிவெடுத்தார். 1916ம் ஆண்டு திருவண்ணாமலைக்கே வந்து தங்கிவிட்டார். மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். தம்பி நாகசுந்தரமும் துறவியாகி அங்கேயே வந்து சேர்ந்தார். பிரிந்த குடும்பம் மலைமேல் ஒன்று கூடியது!

1922ம் ஆண்டு மே 19ம் தேதி அம்மாவின் கடைசி நாள். காலை முதல் இரவு வரை, ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார் ரமணர். அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. அம்மாவைத் தேடி அலைய வைத்த மகன், கடைசி வரை அம்மாவின் சமாதி அருகிலேயே வாழ்ந்தார்.

ஆசிரமத்தில் பசு, நாய், குரங்கு, அணில், மயில் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள். லட்சுமி என்ற பசு 1948ல் இறந்தபோது அதற்கும் சமாதி கட்டினார். சோமர்செட் மாம் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1938ல் வந்து அவரைப் பார்த்தார். பிறகு எழுதிய நாவலில் ரமணரைப் போன்ற ஒரு குருவைப் பாத்திரமாக்கினார்.

மூன்று அணா, அரையணாப் பேரிக்காய், பத்து மைல் நடை எல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? பல ஆண்டுகள் கழித்து, அன்பர்கள் கேட்டபோது ரமணர் ஒன்று விடாமல் நினைவிலிருந்து சொன்னதால்தான்! 54 ஆண்டுகள் திருவண்ணாமலையை விட்டு அவர் எங்கும் போகவில்லை. 1950ம் ஆண்டு ஏப்ரல் 14ம் தேதி இரவு மறைந்தார். அவர் பிறந்த வீடு திருச்சுழியில் சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு விஷயம் குட்டீஸ்... ரமணர் பெரிய ஞானி ஆனார். ஆனால், அந்த இரண்டு வருஷமும் அந்த அம்மா பட்ட பாட்டை மறந்துவிடாதீர்கள். அண்ணன் திட்டினார், ஆசிரியர் தண்டனை தந்தார் என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தால், அம்மாவிடமோ அப்பாவிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். அவர்களிடமும் சொல்ல முடியாவிட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், காசு இல்லை. தனியாகத் தவிக்கும் குழந்தை யாரையாவது பார்த்தாலும் அதே எண்தான். எங்கோ ஓர் அம்மா அந்தக் குழந்தையைத் தேடிக் கொண்டிருப்பார்!