திப்புவின் துப்பாக்கி என்ன விலை?

கீரனூர்லேருந்து திண்டுக்கல் போறப்ப மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீங்க. 1755-ல் அங்கே ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் உதவியோடு ஆயுதப் பட்டறை வைத்தார். அப்போது சிறுவனாக இருந்த மகன்தான் திப்பு சுல்தான்.

1782-ல் மைசூர் ஆட்சி திப்பு கைக்கு வந்தது. அவர் பட்டறைத் துப்பாக்கிகளில் புலிவரியும் ஆண்டும் பொறித்திருக்கும். 1792-ல் திண்டுக்கல் ஆங்கிலேயரிடம் போச்சு. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மடிந்தார். ஆயுதங்கள் கொள்ளைபோய்க் கப்பலேறின.

இன்னைக்கு அவற்றின் விலை எப்படி ஏறுது? 200-ஆம் நினைவாண்டான 1999-ல் எடின்பரோவில் கண்காட்சியே வைத்தார்கள். பேச்சு கூடினால் ஏலம் கேட்கிற ஆளும் கூடும். 2015-ல் லண்டனில் அவர் காலத்து வாள், துப்பாக்கி என 30 பொருட்கள் சுமார் 60 லட்சம் பவுண்டுக்குப் போயின. பவுண்டு ஒரு ரூபாய் ஏறினாலே நமக்கு 60 லட்சம் ரூபாய் கூடுதல்!

ஊருக்கு மீட்கணும்னா, நினைவாண்டு இல்லாத வருஷமும் ரூபாய் பலமா இருக்கிற நாளும் பார்க்கணும்.