மிளகு வணிகர் விட்டுச் சென்ற சொத்து: வள்ளல் சீதக்காதி

இன்று மிளகு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அதே மிளகுக்காக டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடல் கடந்து வந்து போட்டியிட்டார்கள். அந்தப் போட்டிக்கு நடுவே கீழக்கரையில் கப்பல் வைத்து மிளகு வணிகம் செய்தவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். அந்தப் பெயர்தான் மக்கள் நாவில் சீதக்காதி என்றானது. பெரியதம்பி மரைக்காயர் என்றும் அவரை அழைத்தார்கள்.

மார்க்கத்தில் அவருக்கு வழிகாட்டியவர் இமாம் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கோ அவர் நம்பிக்கைக்குரிய நண்பர். மிளகையும் முத்தையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ள முயன்ற டச்சுக் கம்பெனிக்கு இந்த நட்பு பெரும் இடையூறாக இருந்தது. அவரைச் சேதுபதியின் நிர்வாகத்திலிருந்து விலக்கிவைக்க அவர்கள் வற்புறுத்தினார்கள்.

இவ்வளவு போராடி ஈட்டிய செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. பஞ்ச காலத்தில் பசித்தவருக்கு உணவளித்தார். சாதி, சமயம் பாராமல் புலவர்களை ஆதரித்தார். படிக்காசுப் புலவர் அவரைப் புகழ்ந்து பாடியது அதனால்தான். அவர் மறைந்த பிறகும் கொடுத்தார் என்று சொல்லும் பழமொழி இன்றும் தமிழர் எல்லோரிடமும் வழங்குகிறது.

ஆனால், அவருடைய கொடைகளிலேயே பெரியது எது என்று கேட்டால், நாம் சீறாப்புராணத்தையே சொல்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாட உமறுப் புலவருக்கு அவர் துணை நின்றார். நூல் நிறைவேறும் முன்பே அவர் வஃபாத்தானார். பணி நின்றுவிடவில்லை. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 5027 பாடல்கள் கொண்ட காப்பியம் நமக்குக் கிடைத்தது.

விருத்தாசலத்தில் இருக்கும் நமக்கு அந்தப் பரங்கிப்பேட்டை வேற்றூர் அல்ல. இதே கடலூர் மாவட்டம்தான். ஒரு வணிகர் தொடங்கிய நற்பணியை, இன்னொரு ஊர் வணிகர் தம் பணியாக எண்ணி முடித்துவைத்தார். இன்று நம் ஊர்களில் பாதியில் நிற்கும் மதரஸா கட்டடங்களும் நூலகங்களும் எத்தனை! தொடங்கியவர் பெயரைப் பார்த்துத் தயங்காமல் அவற்றை முடித்துவைக்க முன்வருவோர் யார்?

சீதக்காதியின் கப்பல்களும் மிளகு மூட்டைகளும் இன்று இல்லை. நின்று பயன் தருவது அவர் செய்த ஸதகத்துல் ஜாரியாதான். அல்லாஹ் அவ்விருவரின் நற்பணிகளையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.