சாட்சியச் சட்டம் வகுத்த ஸ்டீபன்

கடைக்காரர்களாகிய நமக்கு இது பழகிய சங்கதி. கல்லாவில் பணம் குறைந்தால், முன்னொரு தடவை கைநீட்டிய சிப்பந்தியின் மேல்தான் முதலில் கண் போகும். தானா ராத்தா கடைத்தெருவானாலும் தேயிலைத் தோட்டத்து லயமானாலும் மனித மனம் ஒன்றுதான். நியாயஸ்தலத்திலும் இந்த ஆபத்து உண்டு. பழைய குற்றத்தைக் கேட்ட மாத்திரத்தில், புதியதையும் அவனே செய்தான் என்று மனம் துணிந்துவிடும். இதற்குச் சட்டத்தில் வேலி கட்டிய ஒருவரின் சரித்திரத்தை இங்கே காண்போம்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1829 மார்ச் 3-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, 1854-இல் வழக்கறிஞரானார். 1869-இல் வைஸ்ராய் சபையின் சட்ட அங்கத்தினராக இந்தியா சென்றார். அங்கே இருந்தது ஏறக்குறைய இரண்டரை வருஷமே. அதற்குள், ஆங்கிலத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த சாட்சிய விதிகளைத் திரட்டி 167 பிரிவுகளில் அடக்கினார். அதுவே 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம்.

ஒருவன் கெட்டவன் என்பது அவன் இந்தக் குற்றத்தைச் செய்தான் என்பதற்குச் சாட்சியாகாது என்று 54-ஆம் பிரிவில் எழுதினார். தன் நன்னடத்தையை அவனே எடுத்துச் சொன்னால்தான் மறுதரப்பார் அதற்குப் பதில் சொல்லலாம். ஆயினும் முன்பெற்ற தண்டனையைச் சொல்ல அவர் இடம் விட்டிருந்தார். அந்த ஓட்டை 1891-இல் அடைக்கப்பட்டது.

1879-இல் ஸ்டீபன் இங்கிலாந்தில் ஐகோர்ட் நீதிபதியானார். 1889-இல் லிவர்பூலில் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. ஜேம்ஸ் மேப்ரிக் என்ற பஞ்சு வியாபாரி இறந்துவிட்டார். பாஷாணம் கொடுத்ததாக மனைவி ஃபிளாரன்ஸ் மேல் குற்றச்சாட்டு. அந்த வியாபாரியோ தாமே பாஷாணம் உட்கொள்ளும் பழக்கமுள்ளவர். ஃபிளாரன்ஸுக்கு வேறொருவருடன் தொடர்பு இருந்ததும் வெளிப்பட்டது. கொலைக்குக் காரணம் காட்ட அது பயன்படலாம். ஆனால் விஷம் கொடுத்தாளா என்பதற்கு அது விடையாகாது. ஸ்டீபன் ஜூரர்களுக்கு இரண்டு நாள் விளக்கம் சொன்னபோது அவளுடைய ஒழுக்கக்கேட்டையே அழுத்திப் பேசினார். ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பு வந்தது: குற்றவாளி. மரண தண்டனை பிறகு ஆயுள் தண்டனையாயிற்று. அன்று கிரிமினல் அப்பீல் கோர்ட் கிடையாது. 1904-இல்தான் அவள் விடுதலையானாள்.

வேலி கட்டியவரே வேலியைத் தாண்டினார் என்று பலரும் பேசினார்கள். முன்பே நோய்வாய்ப்பட்டிருந்த ஸ்டீபன் 1891-இல் பதவி விலகினார். 1894 மார்ச் 11-ஆம் தேதி காலமானார்.

அவருடைய சட்டம் அவரோடு மறையவில்லை. 1893-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு வந்தது. இன்று பகாங் உள்ளிட்ட மலேசியாவில் நடக்கும் 1950-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அதன் வழிவந்ததே. இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதுச்சட்டம் நடக்கிறது.

அவர் எழுதாமல் விட்டதைப் பின்வந்தோர் நிரப்பினார்கள். பிரிட்டிஷ் கயானாவில் நூர் முகம்மது என்ற பொற்கொல்லர், உடன் வாழ்ந்த பெண்ணுக்குச் சயனைடு கொடுத்துக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். தொழிலுக்காக அவரிடம் சயனைடு இருந்தது. முன்பு அவர் மனைவியும் சயனைடால் இறந்த செய்தியைச் சாட்சியமாகச் சேர்த்திருந்தார்கள். 1949-இல் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சட்டம் அனுமதிக்கும் சாட்சியமானாலும், அதனால் உண்மை துலங்குவது சொற்பமாகவும் மனம் கெடுவது அதிகமாகவும் இருந்தால், நீதிபதி அதை விலக்கவேண்டும் என்று விளக்கியது. மலேசிய நீதிமன்றங்களும் இந்த நிறுவையைக் கைக்கொண்டிருக்கின்றன.

தராசு பிடிப்பவர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். சரக்கை நிறுக்குமுன் தட்டில் ஒட்டியிருக்கும் தூசியைத் துடைக்கவேண்டும். தராசு செய்தவரே ஆனாலும் அதற்கு விலக்கில்லை.