உள்ளங்கையில் ஒரு மியூரா

என் மேசையில் மஞ்சள் கார் ஒன்று நிற்கிறது. நீளம் ஏழு சென்ரிமீற்றர்தான். மற்ச்பொக்ஸ் 1969இல் வெளியிட்ட லம்போகினி மியூரா. ஓரங்களில் நிறம் உதிர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு கதவுகளும் இன்னும் திறக்கும்.

இதே கார் சிறு வயதிலும் என்னிடம் இருந்தது. மாமா விளையாடி எனக்குத் தந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இரவில் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. பல வருடங்களின் பின் பழைய சாமான் கடையொன்றில் இன்னொன்றைக் கண்டு வாங்கினேன். அதன் பிறகுதான் அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றித் தேடி வாசித்தேன்.

பெருச்சியோ லம்போகினி 1916 ஏப்ரல் 28 அன்று வட இத்தாலியின் ரெனாட்சோ என்ற ஊரில், கமக்காரக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருக்குப் பயிரைவிட இயந்திரத்தில்தான் நாட்டம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய விமானப்படையில் சேர்க்கப்பட்டு, றோட்ஸ் தீவில் வாகனங்களைத் திருத்தும் வேலை செய்தார். 1945இல் பிரித்தானியரிடம் போர்க் கைதியானார். அடுத்த வருடம் ஊர் திரும்பினார். 1947இல் மகன் பிறந்தபோது மனைவி கிளேலியா பிரசவத்திலேயே இறந்துபோனார்.

ஊரில் வயல்கள் இருந்தன, உழ இயந்திரம் இல்லை. ஆனால் போர் விட்டுச்சென்ற இராணுவ வாகனங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் எஞ்சின்களையும் பாகங்களையும் கழற்றி உழவு இயந்திரங்களைச் செய்தார். பெற்றோல் விலை அதிகம். எனவே பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, பிறகு மலிவான டீசலுக்கு மாற்றக்கூடிய ஏற்பாடு ஒன்றையும் தானே அமைத்தார். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊரில் சூப்பியால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உழவு இயந்திரம் அவரைச் செல்வந்தராக்கியது. பெராரி கார்கள் வாங்கினார். அவற்றின் கிளச் திருப்தி தரவில்லை என்றும், முறையிட்டபோது என்சோ பெராரி மதிக்கவில்லை என்றும், அந்தக் கோபத்தில்தான் சொந்தக் கார் செய்யத் தொடங்கினார் என்றும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படியோ, 1963இல் சாந்த் ஆகாத்தாவில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் மியூரா வந்தது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பொருத்தியிருந்தார்கள். உடலமைப்பை வரைந்த மார்ச்செல்லோ காந்தினிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சுப்பர்கார் என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்கியது என்று பலர் கருதுகிறார்கள்.

அந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் உழவு இயந்திர வியாபாரம் சரிந்தது. அதையும் விற்றார், 1974க்குள் கார் நிறுவனத்தில் இருந்த பங்குகள் முழுவதையும் கைவிட்டார். உம்ப்ரியாவில் திராட்சைத் தோட்டம் வாங்கி மீண்டும் மண்ணுக்கே போனார். 1993 பெப்ரவரி 20 அன்று, 76 வயதில் காலமானார்.

இந்த வயதில் ஏன் விளையாட்டுக் கார் சேர்க்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். உலகில் செய்யப்பட்ட உண்மையான மியூராக்கள் எண்ணூறுகூட இல்லை; அதில் ஒன்றைத் தொட்டுப் பார்க்கவும் எனக்கு வாய்க்காது. ஆனால் உருக்கிய நாகக் கலவையை அச்சில் செலுத்தி வார்த்த இந்தச் சின்னக் காரில் அதே வளைவுகள் இருக்கின்றன. கையில் எடுத்தால் உலோகத்தின் பாரமும் குளிர்ச்சியும் தெரிகிறது. இதைச் செய்த லண்டன் நிறுவனமும் போர் முடிந்த கையோடு, 1947இல், கடற்படையில் இருந்து வந்த இருவர் தொடங்கியதுதான்.

அண்மையில் மியூராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லம்போகினி உழவு இயந்திரத்தையும் வைத்தேன். 1995இல் நடக்க முடியாத அம்மம்மாவை ஏற்றிச் சென்றது ஓர் உழவு இயந்திரப் பெட்டிதான். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் மஞ்சள் காரைத்தான் எடுப்பார்கள். நான் மற்றதை அவர்கள் கையில் கொடுத்து, அதிலிருந்து கதையைத் தொடங்குவேன்.