கல்லில் மலை கண்டவர்

காந்தியடிகள் 1904ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற இரயிலில் ஒரு நூலைப் படித்தார். அன்றிரவு உறக்கம் கொள்ளாது, தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்ளத் துணிந்தார். இதனை மாணவர் பலர் அறிவர். அந்நூலை இயற்றிய ஜான் ரஸ்கின் சிறந்த ஓவிய ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே.

ரஸ்கின் 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். பெற்றோர்க்கு ஒரே மகனாயினும், விளையாட்டுப் பொருள்கள் அவருக்கு மிகுதியாகக் கிடைக்கவில்லை. ஒரு சாவிக்கொத்தும், பின்னர் ஒரு சிறு வண்டியும் பந்தும், சில மரக்கட்டைகளுமே அவர் பெற்றவை. ஆதலின் தரைவிரிப்பின் கோலங்களையும் எதிர்வீட்டுச் செங்கற்களையும் உற்றுநோக்கிப் பொழுது போக்கினார். வறுமையில்லா வீட்டில் நேர்ந்த இக்குறையே அவர் கண்களுக்கு முதற் பள்ளியாயிற்று. பதின்மூன்றாம் பிறந்தநாளில் டர்னர் என்னும் ஓவியரின் இயற்கைக் காட்சிகள் அமைந்த நூலொன்று பரிசாக வந்தது. மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலையை நேரிற் கண்டார். டர்னரின் பெருமையை நிலைநாட்டும் நூலின் முதற்பகுதியை 1843இல் வெளியிட்டபோது அவருக்கு அகவை இருபத்து நான்கே.

அக்காலத்து இங்கிலாந்தின் அரசினர் ஓவியப் பள்ளிகளில், அச்சிட்ட கோட்டுருவங்களைப் பார்த்து எழுதுவதே பெரும்பயிற்சியாக இருந்தது. ரஸ்கின் இதனை மறுத்தார். இயற்கையில் கோடு ஏது? ஒளியும் நிழலும் நிறமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதைத்தானே கண் காண்கிறது! 1854இல் இலண்டனில் தோன்றிய தொழிலாளர் கல்லூரியில், ஊதியம் பெறாது மாலை வேளைகளில் கற்பித்தார். நூலில் கட்டித் தொங்கவிட்ட வெண்ணிறப் பந்தே அங்குத் தொடக்கப் பாடம். பந்தின் உருட்சியைத் தாளில் கொணர்பவனுக்கு ஆழம் காட்டும் வழி திறந்துவிடும்.

1857இல் வெளியிட்ட ஓவியப் பயிற்சி நூலில் இம்முறையை விரித்துரைத்தார். மாணவன் முதலில் ஒரு சிறு சதுரத்தைக் கருமையிலிருந்து வெண்மை வரை படிப்படியாக நிழலிட்டுப் பழகுதல் வேண்டும். பின்பு வெளியே சென்று, வழியிற் கிடக்கும் உருண்டைக் கல்லொன்றை எடுத்து வருதல் வேண்டும். அக்கல்லை உள்ளவாறே எழுத வல்லவனுக்கு எதுவும் அரிதன்று என்பது அவர் துணிவு. மலையின் பிளவும் சரிவும் ஒரு சிறு கல்லிலும் உள்ளன அன்றோ! நிறங்களின் வேறுபாட்டை அறிய, வெள்ளை அட்டையில் பட்டாணி அளவு துளையிட்டு அதன்வழி நோக்குமாறு பணித்தார். நீலம் விலகித் தோன்றும், செம்மையும் மஞ்சளும் நெருங்கித் தோன்றும் என்ற பொதுவிதியையும் அவர் ஏற்கவில்லை. அந்திவானின் பொன்னிறத்தினும் சேய்மை உணர்த்துவது வேறில்லை எனக் காட்டினார். இவ்விடத்து அவர் கூற்றே வலியுடையது.

1859இல் எழுதிய மற்றொரு நூலில், சன்னல் அருகே அமர்ந்து, கண்ணாடியின் வழியே தெரியும் காட்சியைக் கண்ணாடி மேலேயே வரைந்த படமாகக் கருதச் சொல்லி, சேய்மைப் பொருள் சிறுத்துத் தோன்றும் இலக்கணத்தைத் தொடங்குகிறார். அவ்வாண்டு முதல் செஷயர் பகுதியிலிருந்த வின்னிங்டன் பெண்கள் பள்ளிக்குச் சென்று, சிறுமியர்க்கும் ஓவியம் கற்பித்தார்.

இளங்குழந்தைகளை வற்புறுத்தலாகாது என்பதில் அவர் உறுதியுடையவர். கிடைத்த தாளில் அவர்கள் விரும்பியவாறு கிறுக்கட்டும். மலிவான வண்ணங்களைக் கொடுக்கலாம். கூர்ந்த நோக்கும் உழைப்பும் தென்படுமிடத்து மட்டும் பாராட்டலாம் என்றார்.

1869இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் ஓவியப் பேராசிரியராகத் தெரிந்தெடுக்கப் பெற்றார். அங்கு 1871இல் ஓவியப் பள்ளி நிறுவி, ஆசிரியர் ஊதியத்திற்காக 5,000 பவுன் வழங்கினார். அது இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. முதுமையில் மனநோய் அவரை வாட்டியது. இறுதிப் பத்தாண்டுகளில் எழுதுகோல் பெரும்பாலும் ஓய்ந்தது. கானிஸ்டன் ஏரிக்கரையில், மலையை எதிர்நோக்கிய தம் இல்லத்தில் 1900ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார். இலண்டனில் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் அளிக்க முன்வந்தனர். அவர் விருப்பப்படி, அவ்வூர்ச் சிறு தேவாலயத்து முற்றத்திலேயே அடக்கம் செய்தனர்.