மணல்திட்டுகளின் புதிரும் எர்ஸ்கின் சில்டர்சும்

பாலி மொழிக்கு அகராதி கண்ட இராபர்ட் சீசர் சில்டர்ஸ், இலங்கையில் அரசுப் பணியாற்றியவர். ஆங்கில ஒற்றர் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவராக நாம் போற்றும் எர்ஸ்கின் சில்டர்ஸ் அவருடைய மைந்தரே. 1870-இல் இலண்டனில் பிறந்த எர்ஸ்கின், ஆறு வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோய் தாயையும் பிரித்துவிடவே, அயர்லாந்தின் விக்லோ பகுதியில் உறவினர் இல்லத்தில் வளர்ந்தார்.

கேம்பிரிட்சில் பயின்றபின் 1895 முதல் பிரித்தானிய நாடாளுமன்ற மக்களவையில் எழுத்தரானார். ஓய்வுக் காலத்தில் பாய்மரப் படகே அவருக்குத் துணை. 1897-இல் செருமானியக் கரையோரப் பிரீசியத் தீவுகளுக்குச் சென்றார். ஓதம் வற்றினால் மணல்திட்டுகள் தலைகாட்டும் ஆழமற்ற கடல் அது. அக்கடலே 1903-இல் 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' என்னும் புதினமாயிற்று. இங்கிலாந்தின்மீது படையெடுக்கச் செருமனி மறைவாகச் செய்யும் ஏற்பாட்டைச் சிறுபடகில் செல்லும் நண்பர் இருவர் கண்டறிவதே கதை. அலையும் காற்றும் கடல் வரைபடமும் அதில் கதைமாந்தர்க்கு நிகராக இயங்கக் காண்கிறோம். அவர் எழுதிய புதினம் இஃதொன்றே.

செருமனி குறித்து எச்சரித்த அவரே 1914 சூலையில், அந்நாட்டின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய துப்பாக்கிகளுள் 900-ஐத் தம் 'ஆஸ்கார்டு' படகில் ஏற்றி அயர்லாந்துத் தொண்டர் படைக்குச் சேர்ப்பித்தார். அடுத்த மாதமே உலகப் போர் மூள, பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து விருதும் பெற்றார்! முரண் என்பர் சிலர். சிறிய நாடுகளின் உரிமை என்னும் ஒரே நினைவு அவரை இருபுறமும் செலுத்தியது என்றே நாம் கருதுகிறோம்.

போருக்குப்பின் அயர்லாந்து விடுதலைக்கே தம்மை ஒப்படைத்தார். 1921-இல் உடன்படிக்கைப் பேச்சுக்குச் சென்ற அயர்லாந்துக் குழுவின் செயலாளராயிருந்தும், அரசருக்கு உறுதிமொழி ஏற்கும் அவ்வுடன்படிக்கையை எதிர்த்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஆங்கிலேயர் அவரைத் துரோகி என்றனர். அயர்லாந்தின் புதிய ஆட்சியாளரோ ஆங்கிலேயரின் கையாள் என ஐயுற்றனர். ஒற்றர் கதை புனைந்தவருக்கே ஒற்றர் என்னும் பழி!

1922 நவம்பரில், தாம் வளர்ந்த இல்லத்திலேயே கைதானார். வைத்திருந்த கைத்துப்பாக்கியே குற்றமாயிற்று. அஃது ஆட்சித் தரப்பின் தலைவராயிருந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் கொல்லப்பட்ட மைக்கேல் காலின்ஸ் முன்னர் அன்பளிப்பாகத் தந்தது. மேல்முறையீடு முடியுமுன்பே, நவம்பர் 24 அன்று டப்ளினில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடவந்த வீரர் ஒவ்வொருவருடனும் கைகுலுக்கினார்.

அதற்குமுன், பதினாறு வயது மகனிடம் ஒரு வாக்குப் பெற்றிருந்தார். தமது மரண தண்டனைக்கு ஒப்பமிட்டவர் ஒவ்வொருவரையும் தேடிச்சென்று கைகுலுக்க வேண்டும் என்பதே அது. அம்மகன் 1973-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார்.