ஓட்டிப் பார்த்து விற்றவர்: டி.வி.சுந்தரம் அய்யங்கார்



அடியேன் சித்தூர்க்காரன். திருப்பதியில் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்த்து வருகிறேன். கல்யாணங்களில் நம்மவர்கள் என்ன உத்தியோகம் என்று விசாரிப்பார்கள். கார் விற்கிறேன் என்று சொன்னதும் பேச்சு மெதுவாக அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒரு பையன் பக்கம் திரும்பிவிடும். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. என் தொழிலுக்கு மூலபுருஷராக நான் நினைப்பவர், வக்கீல் தொழிலையும் சம்பள உத்தியோகத்தையும் விட்டுவிட்டு வண்டி வியாபாரத்தில் இறங்கிய ஓர் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி ஒரு விற்பனைக்காரன் எழுதினால் என்ன என்று தோன்றியது.

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ம் வருஷம் மார்ச் 22-ம் தேதி திருநெல்வேலி ஜில்லா திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் டி அந்த ஊர்தான். நம்பி கோயில் கொண்டிருக்கும் திவ்ய தேசம். பிள்ளை வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அவரும் அந்தத் தொழிலில்தான் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதற்கப்புறம் பாங்கு வேலை. அந்தக் காலத்தில் நம் குடும்பங்கள் இதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. மாதச் சம்பளம், கௌரவம் இரண்டும் இருந்தன. 34 வயதில் அதை உதறிவிட்டு 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் ஸன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து எங்கள் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கியதும் அதே 1911-ல், ஏப்ரல் 1-ம் தேதி. 1953 வரைக்கும் நாங்களும் சென்னை ராஜதானிக்காரர்கள்தான் என்பதை வெளியூர் அன்பர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். சுமார் 60 கிலோமீட்டர் தூரம். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அங்கே ரயில் வந்ததே 1929-ல்தான். அதுவரை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் கதி. ரயில் எட்டாத ஊருக்கு வண்டி விட வேண்டும் என்று தோன்றியதே, அதைத்தான் நான் அவருடைய முதல் சாமர்த்தியமாகக் கருதுகிறேன். இரண்டாவது, நேரம். ஆள் சேரட்டும் என்று வண்டியை நிறுத்தி வைப்பது அவரிடம் கிடையாது. சொன்ன மணிக்கு வண்டி புறப்படும். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

நேரத்துக்குப் பஸ் போக வேண்டுமானால் டிரைவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. டயர் பஞ்சராகக் கூடாது. ஆனால் உடனே மாற்ற டயர் கையில் இருக்க வேண்டும். சாயங்காலம் வந்த வண்டியை ராத்திரியே பிரித்துப் பார்க்க ஒர்க்ஷாப் வேண்டும், வேலை தெரிந்த ஆள் வேண்டும். பாகங்கள் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருந்தால் பஸ் கொட்டகையிலேயே நிற்கும். இதையெல்லாம் தன் கைப்பணம் போட்டு, மண் ரோட்டில் கற்றவர் அவர். கார், லாரி விற்பனை இதற்கப்புறம்தான் வந்தது. சென்னையில் சிம்ப்ஸன், அடிசன் போன்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் மோட்டார் வியாபாரத்தில் கொடி கட்டிப் பறந்த காலம் அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்தக் கம்பெனியின் வண்டிகளை விற்கும் உரிமை பெற்று, 1950-களில் அதன் மிகப் பெரிய விநியோகஸ்தர் என்று பெயர் வாங்கியது டி.வி.எஸ். ஸ்தாபனம். சுந்தரம் மோட்டார்ஸ் ஒரு கை, உதிரிப் பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஒரு கை, தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடத் தனித் தொழிற்சாலை. வண்டியை விற்றவர் கூடவே அதை ஓட வைக்கும் வழியையும் விற்றார் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். மாசக் கடைசியில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த மாடல் யார்டில் தேங்கி நிற்கிறதோ அதைத் தள்ள வேண்டும், மேல் வேரியண்டுக்கு ஆளை ஏற்ற வேண்டும், சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் தலையில் கட்ட வேண்டும். இன்ஸென்டிவ் அதைப் பொறுத்தது. ரிடையரானவர் வருகிறார். கோயிலுக்கும் டாக்டரிடமும் போய்வருவதைத் தவிர வண்டிக்கு வேலையில்லை, மாதம் 300 கிலோமீட்டர் தாண்டாது. அவருக்கு டீசல் வண்டி மேல் ஆசை. 2020-ல் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால்தான் அது சுத்தமாகும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், சர்வீஸுக்கு வந்து நிற்பார். அவருக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி. ஸீட் உயரமாக இருக்கிறதா, முழங்கால் வலிக்காமல் ஏறி இறங்க முடிகிறதா என்று மாமியையும் உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து யாத்ரிகர்களை ஏற்றும் டாக்ஸிக்காரருக்குக் கணக்கே வேறு. சி.என்.ஜி. மலிவு. ஆனால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால் பெட்டிகளை எங்கே வைப்பது? இதைச் சொன்னால் அன்றைக்கு விற்பனை தள்ளிப் போகும், சில சமயம் கையைவிட்டே போகும். சொல்லாவிட்டால் ஆறு மாதத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் சந்நிதியில் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும். எங்களுடையது சின்ன ஊர். சுந்தரம் அய்யங்காருக்கும் மதுரை அப்படித்தான் இருந்திருக்கும். விற்ற வண்டி அவர் பஸ் ஓடிய அதே ரோட்டில் பழுதாகி நின்றால், தினமும் அதைக் கடந்து போவது அவருடைய பெயர் எழுதிய பஸ்தானே.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வண்டிகள் வீட்டில் தூங்கின. அப்போது டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று ஒரு சாதனத்தைத் தயாரித்துப் பரப்பினார்கள். பெரிய டிரம்மில் மரக்கரியைப் போட்டுக் காற்றைக் குறைவாக விட்டு எரிப்பது, அதில் வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்துவது. காலையில் பற்றவைத்து வாயு சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும், மேட்டில் இழுவை குறையும். ஆனாலும் பஸ் ஓடிற்று. புது வண்டி விற்க வழியில்லாத வருஷங்களில் பழைய வண்டியை ஓட வைத்தவர் என்பதால் இந்தக் காலகட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே பெட்ரோல் பஞ்ச காலத்தில்தான், 1944 ஏப்ரலில், திருமலைக்கு முதல் மலைப் பாதை திறக்கப்பட்டது. கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். 1974-ல் இரண்டாவது பாதை வந்த பிறகு அது இறங்குவதற்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆட்டோமாட்டிக் வாங்குகிறவர்களிடம் இன்றைக்கும் நான் சொல்வது, இறங்கும்போது மானுவலில் போட்டுக் கீழ் கியரில் வாருங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள் என்பதுதான். சாவி கொடுக்கும் நாளில் பூஜை சாமான்களோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

அவருடைய இல்வாழ்க்கையில் ஒரு பெரிய சோதனை. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. டாக்டரான மாப்பிள்ளை பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அதே நோயில் காலமானார். அன்றைய வழக்கப்படி அந்தப் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து டாக்டரானார். காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோருக்குச் சம்மதம் இல்லை. காந்திஜி இருவரையும் ஒரு வருஷம் பிரிந்திருந்து பார்க்கச் சொல்லி, மனசு மாறவில்லை என்றதும் ஆசீர்வதித்தார். 1940-ல் திருமணம் நடந்தது. 1947-ல் அந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். படிக்க விட்டவருக்கு மறுமணம் ஏற்க முடியவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. இதை மறைத்துவிட்டு அவரை வெறும் மகானாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

உள்நாட்டில் பாகங்கள் செய்யாமல் பூட்டி மட்டும் விற்கும் அந்நியக் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் சர்க்கார் முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. டி.வி.எஸ்.ஸின் பெரிய வியாபாரம் அதோடு போயிருக்க வேண்டியது. பிள்ளைகளில் ஒருவரான டி.எஸ்.சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கி, லாரி வாங்குகிறவருக்குத் தவணையில் பணம் கொடுத்தார். இன்றைக்கு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர் வண்டி விலையைக் கேட்பதில்லை, மாதத் தவணை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் 1960-லிருந்து 1962-க்குள் வந்தன. சுந்தரம் அய்யங்கார் அவற்றைப் பார்க்கவில்லை. 1955 ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானலில் தம் இல்லத்தில் பரமபதித்தார். வயது 78.

அவருக்குப் பின் வந்த காலத்தில் விற்பனைக்காரனுக்கே வேலையில்லை. அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் எங்கள் ஜாதி மறுபடி தலையெடுத்தது. பஸ்கள் மட்டும் அதற்கு முன்பே கைமாறிவிட்டன. 1972-ல் தமிழக அரசு டி.வி.எஸ். பஸ்களை நாட்டுடைமையாக்கியது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அப்படித்தான் பிறந்தது.